டம்மிக்குள் துடித்த இருதயம்

தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்கிறவரைக்கும்தான் மனுசன் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவான். இதை நான் எங்கேயும் படித்துவிட்டுச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். நெஞ்சுக்குள் இருக்கிற இருதயத்தைப் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டே நான் திரிந்த நாட்கள் சில உண்டு. சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. கடைசியில் கம்பெனியே கூடி நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி ஒரு காரியத்தைச் செய்து வைத்தேன். (பேயாவது பிசாசாவது என்று ஊரெல்லாம் வாய் கிழியப் பேசியவன் நான்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்வதற்கு நானே சொன்னால் கொஞ்சம் மரியாதை.)

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் சாம்பிள் செக்ஷன் இன்சார்ஜ். வெளிநாட்டுக்காரன் ஒரு படத்தை அனுப்பி, இந்த மாதிரி சட்டை வேண்டும் என்பான். அதில் முதல் சட்டையைத் தைத்து, துவைத்து, இழுத்துப் பார்த்து அனுப்புவது எங்கள் வேலை. ஒருநாள் ஓனர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க நடராசு, கோயமுத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்திருக்குது. நெஞ்சுல ஒட்டிக்கற ஸ்கேன் மெசினாமா. அதப் புடிச்சு நிறுத்தறதுக்கு பனியன் வேணுமாம். என்ன ஏதுன்னு கேட்டுச் செஞ்சு குடுங்க."

அந்தப் பெண்ணின் பெயர் நிவேதா. இன்ஜினியர். பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் தட்டையாக, ரப்பர் மாதிரி வளைகிற ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வயித்துல கொழந்தையப் பாக்கறதுக்கு ஸ்கேன் எடுப்பாங்கல்லங்க சார், அதேதான் இது. சின்னதாக்கி, நாள் பூரா உடம்புலயே ஒட்டி வெச்சுக்கற மாதிரி பண்ணியிருக்கோம். ஈரல், கிட்னி, இருதயம் எதுக்கு நேரா வெச்சாலும் உள்ள நடக்கறது போன்ல ஓடிட்டே இருக்கும். நெட் இருந்தாப் போதும், எங்க இருந்து வேணாலும் பாக்கலாம்."

"அப்புறம் பனியன் எதுக்குங்க?"

"வேர்த்தா நழுவுதுங்க சார். ஒரு விரல்கடை நகந்தாலும் படம் போயிருது. இறுக்கமாவும் இருக்கோணும், போட்டவங்களுக்கு மூச்சும் முட்டக்கூடாது."

இரண்டு மெசின் கொடுத்தாள். ஒன்று ஆண்கள் பனியனுக்கு, இன்னொன்று பெண்கள் பனியனுக்கு. மெசின் முதுகில் 1, 2 என்று ஸ்டிக்கர். ஒன்றாம் நம்பரின் படம் என் போனுக்கு வரும். இரண்டாம் நம்பர், போடுகிற பெண்மணியின் போனுக்கு. போகும்போது அழுத்திச் சொன்னாள், "இது இன்னும் சோதனையில இருக்கறதுங்க சார். இத வெச்சு யாரும் வியாதி பாக்கக் கூடாது. படம் நகராம நிக்குதான்னு மட்டும் பாருங்க."

ஆண்கள் பனியனை நானே போட்டுக்கொண்டேன். பெண்கள் பனியனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. எங்கள் சாம்பிள் டெய்லர் ஜெசிந்தா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவளிடம் கேட்டால், "நெஞ்சுக்குள்ள இருக்கதெல்லாம் வெளிய தெரிஞ்சிருமாண்ணே? அப்ப எனக்கு வேண்டாம்" என்று கும்பிடு போட்டுவிட்டாள். கடைசியில் என் வீட்டுக்காரி பூங்கொடியிடம் கொடுத்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "சூடு அடிக்காதுங்களா?" அடிக்காது என்றேன். போட்டுக்கொண்டு துணி துவைக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் போனில் அந்தப் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு சீரியல் இருந்தது.

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. பனியன் கம்பெனிக்காரனுக்கு உடம்பில் படுகிற ஸ்டிக்கரைக் கண்டால் ஆகாது. அரிக்கிறது, உறுத்துகிறது என்று வெளிநாட்டிலிருந்து கம்ப்ளைண்ட் வாங்கி வாங்கிச் சூடுபட்டவர்கள் நாங்கள். தவிர, எங்களுக்கு லேபிள் என்றால் அது துணிக்குத்தான் சொந்தம். கழுத்துக்குப் பின்னால் தைக்கவேண்டியதை எவனாவது மெசின் முதுகில் ஒட்டுவானா? ஸ்டிக்கர் இரண்டையும் உரித்துப் போட்டுவிட்டு, 1, 2 என்று அழகாக நெய்த லேபிளை இரண்டு பனியன் கழுத்திலும் வைத்துத் தைக்கச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குத் தோன்றாதது நமக்குத் தோன்றியதே என்று பெருமை வேறு.

முதலில் எல்லாம் அமர்க்களமாகப் போனது. போனைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு படம். அடுப்புப் புகை மாதிரி கலங்கலாக இருக்கும், அதற்கு நடுவில் ஒன்று சுருங்கும், விரியும். மாடிப்படி ஏறினால் வேகமாகும், உட்கார்ந்தால் அடங்கும். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், பல்லடத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். "பாருங்க, இதுதான் நானு" என்பேன். பந்தியில் பக்கத்தில் இருந்தவர் ரசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

எந்தச் சாம்பிளும் எங்களிடம் துவைக்காமல் வெளியே போகாது. துவைத்தால் சுருங்குகிறதா, இழுவை போகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்காக மெசின்களை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, இரண்டு பனியன்களையும் துவைக்கக் கொடுத்தேன். காய்ந்து வந்ததும் மெசின்களை உள்ளே செருகி, என்னுடையதை நான் மாட்டிக்கொண்டேன். பூங்கொடியுடையதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது.

நாற்காலியில் உட்கார்ந்து நூல் கலர் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தால் இருதயம் தறிகெட்டு ஓடுகிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை, வேர்க்கவில்லை. சரி, ஏதோ என்று எழுந்து துணி ரோலைத் தோளில் தூக்கிக்கொண்டு கட்டிங் செக்ஷன் மாடிக்கு ஏறினேன். மேலே போய் மூச்சு இரைக்க இரைக்கப் பார்த்தால், திரையில் அது ஆற அமர, யாருக்கு வந்த விருந்தோ என்று மெதுவாகத் துடித்துக்கொண்டிருக்கிறது.

கீழே வந்து சாம்பிள் ரூமில் நின்ற இடத்திலேயே குதித்தேன். போனைப் பார்த்துக்கொண்டே குதித்தேன். அது வேகம் எடுக்கவே இல்லை.

"என்னண்ணே, எதுக்கு இப்பிடிக் குதிக்கிய?" என்றாள் ஜெசிந்தா.

"ஒண்ணுமில்ல, எக்சர்சைசு" என்றேன்.

மத்தியானம் பார்த்தபோது அது நின்றது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுருங்கி விரிந்துகொண்டிருந்தது, விரிந்தபடியே அசையாமல் நின்றுவிட்டது. போன்தான் நின்றுவிட்டதோ என்று பார்த்தால், மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்தேன். அங்கே நாடி டொக் டொக்கென்று ஒழுங்காக அடிக்கிறது. நெஞ்சில் இருதயம் நிற்கிறது, கையில் நாடி ஓடுகிறது! அப்புறம் திரையில் ஒரே ஒரு அடி, பலமாக. மறுபடியும் பழையபடி துடித்தது. நான் சாகப்போகிறேன், அல்லது பாதி செத்துவிட்டேன், இந்த இரண்டில் ஒன்றுதான் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டு, பூங்கொடி கேட்டைத் திறக்கிறவரை சும்மா இருப்பானேன் என்று போனைப் பார்த்தேன். ஹாரன் அடித்த மறு நிமிசமே அது துள்ள ஆரம்பித்தது. வீடு நெருங்கினால் துள்ளுகிறதென்றால் வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இராத்திரி டிவியில் காமெடி ஓடியது. பூங்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் திரையில் இருதயம் குலுங்கியது. என் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு வேறு யாரோ டிவி பார்க்கிறார்கள் என்று எனக்கு வேர்த்துவிட்டது.

"புள்ள, எனக்கு என்னமோ ஆகப்போகுது" என்றேன்.

"என்னங்க ஆச்சு?"

"இருதயம் நின்னு நின்னு ஓடுது."

"டாக்டர்கிட்டப் போலாமுங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "எனக்குங்கூட ரெண்டு மூணு நாளா கிறுகிறுன்னு வருதுங்க. படியேறுனா கண்ணக் கட்டுது" என்றாள்.

"நீ சும்மா இரு. நானே என் கதையச் சொல்லிட்டிருக்கறேன், நடுவால உன் கிறுகிறுப்பு" என்றேன். (இந்த வசனத்தைச் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.)

டாக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார். "நல்லாத்தான் இருக்கறீங்க, குண்டுக்கல்லாட்ட" என்று அனுப்பிவிட்டார். அது இன்னும் பயமாகப் போயிற்று. டாக்டருக்கும் தெரியாத ஒன்று என்றால் அது வியாதியாக இருக்க முடியாது.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தது. மெசின்களெல்லாம் அடங்கி எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். தையல் சத்தம் நின்ற பனியன் கம்பெனியில் ஒரு அமைதி வரும், காதை அடைக்கும். நான் மட்டும் சாம்பிள் ரூமில். போட்டுப் பார்த்தது போதும், எங்கே தொளதொளக்கிறது என்று பார்ப்போம் என்று பனியனைக் கழற்றி, மெசினோடு டம்மிக்கு மாட்டினேன். சட்டை அளவு பார்க்க நாங்கள் வைத்திருக்கும் பொம்மை அது. தலை கிடையாது, கை கிடையாது, உள்ளே பஞ்சு. கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன்.

துடித்துக்கொண்டிருந்தது.

பனியன் என் மேல் இல்லை. டம்மி மேல் இருக்கிறது. கழுத்தில் ஒன்றாம் நம்பர் லேபிள் தெரிகிறது. ஒன்றாம் நம்பர் படம் ஓடுகிறது. பஞ்சுக்குள் ஒரு இருதயம் சுருங்குகிறது, விரிகிறது. நிமிர்ந்து டம்மியைப் பார்த்தேன். ஜன்னல் வெயில் அதன் நெஞ்சில் விழுந்திருந்தது. அது அசையவில்லை. அசைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. மெதுவாக எழுந்து, அதற்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து, கதவு வரைக்கும் வந்து, அதற்கப்புறம் ஓடினேன்.

கம்பெனி முழுக்க ஐந்து நிமிசத்தில் தெரிந்துவிட்டது. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டு, "நான் இனி அந்த ரூமுக்குள்ள காலு வைக்க மாட்டேன்" என்றாள். நிவேதாவுக்குப் போன் போட்டேன். டம்மிக்கு மாட்டினாலும் படம் வருகிறது என்றதும் அவள் சிரித்தாள். "சான்ஸே இல்லைங்க சார். நாளைக்கு நானே நேர்ல வந்து பாக்கறேன்" என்றாள். ஓனருக்கு அதுவரை பொறுமை இல்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமதானுங்க நடராசு. பூசாரி எப்புடியும் பூசைக்கு வருவாரு. கையோட அந்தக் கெரகத்துக்கும் ஒரு எலுமிச்சம்பழத்தச் சுத்தி அறுத்துப் போட்டரலாம். ஆளுக வேலைக்கு வரோணுமில்லீங்களா?"

வெள்ளிக்கிழமை டம்மியைத் தூக்கிக்கொண்டு வந்து நடு ஹாலில் நிறுத்தினார்கள். கட்டிங், செக்கிங், அயர்னிங், எல்லா செக்ஷன் ஆட்களும் சுற்றி நின்றார்கள். ஒடிசாப் பையன்கள் ஸ்டூல்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். பூசாரி டம்மிக்கு நெஞ்சில் திருநீறு பூசினார், நெற்றி இல்லாததால். நான் போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் வேகவேகமாகத் துடித்தது. "பாருங்க, பழத்தப் பாத்தவுடனே எப்படிப் பதறுது" என்றார் ஓனர்.

பூசாரி பழத்தைச் சுற்றினார். கீழே வைத்து அரிவாளால் ஒரே வெட்டு.

திரையில் இருதயம் நின்றது.

ஹால் முழுக்க ஒரு 'ஹா' எழுந்தது. நான் கண்ணை மூடி, "போயிருச்சு, போயிருச்சு" என்று கும்பிட்டேன். யாரோ கையைக்கூடத் தட்டினார்கள். இந்த முறை அது நின்றது நின்றதுதான், வழக்கத்தைவிட ரொம்ப நேரம் அசையவே இல்லை. அப்புறம் மெதுவாக ஒரு அடி. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"திரும்பி வருதுங்க!" என்றார் பூசாரி. "விடக்கூடாது. இன்னொரு பழம் குடுங்க!"

யாரோ பழத்தை நீட்டினார்கள். அப்போது போன் அடித்தது. படத்துக்கு மேல் எங்கள் பக்கத்து வீட்டு மல்லிகாவின் பெயர்.

"அண்ணா, சீக்கிரம் வாங்கண்ணா. பூங்கொடிக்கா மாடிப்படியில மயங்கி உழுந்துட்டாங்க. பேச்சு மூச்சே இல்லீங்ணா."

பூசாரி கையிலிருந்த பழத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு நான் ஓடியதாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. வீட்டுக்குப் போனபோது கண் திறந்திருந்தாள். படியடியில், துணிக்கூடை பக்கத்தில் கவிழ்ந்து கிடக்க, சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இன்னொரு கையில் போன், படம் ஓடிக்கொண்டே இருந்தது. கையில் ஒரு அடி, திரையில் ஒரு அடி. கையில் ஒன்று, திரையில் ஒன்று. திரையில் நின்றது. கையிலும் நின்றது.

ஐயோ என்று அலறிவிட்டேன். இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது யாருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. துவைக்கக் கொடுத்தபோது மேசையில் கிடந்த இரண்டு மெசினும் ஒரே அச்சு. ஸ்டிக்கரை நான்தான் உரித்துவிட்டேனே. அதனுடையதை இதிலும் இதனுடையதை அதிலும் செருகிவிட்டேன். என் போனுக்குப் படம் அனுப்புகிற ஒன்றாம் நம்பர் மெசின் பூங்கொடி பனியனுக்குள் போய்விட்டது. லேபிள் துணிக்குச் சொன்னது, உள்ளே இருக்கிற மெசினுக்குச் சொல்லவில்லை. கம்பெனி ஆட்களையெல்லாம் கூட்டி வைத்து, என் வீட்டுக்காரியின் இருதயம் நின்றதற்குக் கும்பிடு போட்டிருக்கிறேன். இன்னொரு பழமும் அறுத்திருப்போம்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. "சாப்பிடாம இருந்திருப்பாங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லுகிற நிலையில் இருந்தார் டாக்டர். நான் விடவில்லை. எனக்கே புரியாமல் போனைக் காட்டி உளறிக்கொண்டிருந்தபோது, கம்பெனிக்கு வந்து விசயம் கேள்விப்பட்ட நிவேதா அங்கேயே வந்துவிட்டாள். ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டாள். நான் சொன்னதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விட்டுவிடுவோம். பதிவாகியிருந்த படங்களை அவள் ஒவ்வொன்றாக டாக்டருக்குப் போட்டுக் காட்டினாள். இங்கே நின்றது, இங்கே நின்றது, இங்கே ரொம்ப நேரம்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தார். "இத மட்டும் வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேனுங்க. ஆனா இந்தம்மாவ இப்ப ஊட்டுக்கு அனுப்பவும் மாட்டேன்" என்றார். அட்மிட் செய்து அவர்களுடைய மெசினை மாட்டினார்கள். மறுநாள் விடிகிறதற்குள் அதுவும் பிடித்துவிட்டது. இருதயத்துக்குப் போகிற கரண்ட் வழியில் அடைப்பு, அவ்வப்போது கட்டாகி நின்றுவிடுகிறது என்றார்கள். இப்படியே விட்டிருந்தால் ஒருநாள் நின்றது நின்றபடியே போயிருக்கும் என்றார் டாக்டர். தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஆபரேசன் தியேட்டர் வாசலில் நான் அழுத அழுகையைப் பார்த்து, ஓனர் எனக்கும் ஒரு பெட் சொல்லலாமா என்று கேட்டாராம்.

ரெண்டு நாள் கழித்து அவளுக்குப் பேசத் தெம்பு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஹாரன் அடித்தால் துள்ளியதைச் சொன்னேன். "மாடியில துணி எடுத்துட்டு இருப்பனுங்க. ஹாரன் சத்தம் கேட்டா அத்தன படியும் எறங்கி ஓடி வந்து கேட்டத் தொறக்கோணுமில்லீங்களா?" என்றாள். இப்போதெல்லாம் நானே இறங்கித் திறந்துகொள்கிறேன். டம்மிக்குத் திருநீறு பூசியதைச் சொன்னபோது, தையலைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க, அப்ப அத்தன நாளும் நீங்க பாத்துட்டு இருந்தது என்னையவா?"

"ஆமா புள்ள."

"சோறு திங்காம?"

"ஆமா."

"தூங்காம?"

"ஆமாங்கறேன்ல."

"கண்ணாலமாயி இத்தன வருசத்துல ஒருக்காலாச்சும் இப்படிப் பாத்திருப்பீங்களா? பாத்ததுதான் பாத்தீங்க, பேயின்னு நெனச்சுட்டா பாக்கோணும்?"

பக்கத்து பெட்டில் இருந்த அம்மா சிரித்தார், நர்ஸ் சிரித்தது, அன்றிலிருந்து இந்தக் கதை எங்கள் சொந்தபந்தம் முழுக்கச் சுற்றுகிறது. கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பூங்கொடியைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அவளும் நடித்தே காட்டுவாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் படியடியும் கையில் நின்றுபோன நாடியும் வந்துவிடும். சிரிக்கிறவர்களுக்கு நடுவில் நான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை அவள் கவனிக்காமல் விடுவதே இல்லை.

"பாருங்க, மறுக்காவும் அப்படியே பாக்கறாரு" என்பாள். "ஊட்டுல எலுமிச்சம்பழம் கிலுமிச்சம்பழம் இருந்தா எடுத்து ஒளிச்சு வையுங்க சாமி."